கல்முனைக் கரையோரத்துக் கிணறுகள்

இலங்கையின் கிழக்குக் கரையோரமாக, மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர்க்கு, மருதமுனை தொடங்கிக் காரைதீவு வரையில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று அறிவது எளிதன்று. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கின்றன. அவற்றுக்குத் தெற்கே நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று வரிசை தொடர்கிறது. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிடரிலேதான் முஸ்லிம்களும் தமிழரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருகின்றனர்.

கடலுக்கு இத்துணை அருகில் இத்துணை மக்கள் வாழ முடிந்ததற்குக் காரணம் யாது? மணலைச் சிறிது ஆழந் தோண்டினால் அங்கே நன்னீர் கிடைத்தது என்பதே காரணம். கடலோசை கேட்கும் தூரத்தில் உள்ள வளவுகளிற்கூட உப்புக் கரியாத நீர் ஊறியது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தாலன்றி, அதனைக் காக்கும் வழியையும் அறிய இயலாது.

இந்த மணற்றிடருக்கு மலையிலிருந்து வரும் ஊற்று எதுவுமில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு பெய்யும் மாரி மழை மணலில் விழுகிறது. விழுந்த நீர் கீழே இறங்கி மணற் பருக்கைகளுக்கிடையே தங்குகிறது. கீழே ஏற்கெனவே கடலின் உப்பு நீர் பரவியிருக்கிறது. நன்னீர் உப்பு நீரைவிடச் சற்று இலேசானது. ஆதலின் அது உப்பு நீரின்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், மணலுக்கடியில் ஒரு வில்லையைப் போல அது அமைந்திருக்கிறது.

இவ்வமைப்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து தேசத்து இராணுவப் பொறியியலாளரான கைபன் என்பவரும், 1901இல் செர்மானியரான கெர்ட்சுபேர்க்கு என்பவரும் தனித்தனியே கணக்கிட்டு விளக்கினர். அவர்கள் கண்ட விதி எளியது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரையில் நன்னீர் இருக்கும். இவ்விதிக்கு மறுபக்கமும் உண்டு. மிகுதியாக இறைத்து மேலேயுள்ள நீர் மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழேயுள்ள உப்பு நீர் 40 அடி மேலெழக் கூடும். அந்தக் கரையின் நன்னீர்ச் சேமிப்பு அத்துணை மெல்லிய சமநிலையில் நிற்கிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. கருங்கல் நிலத்தில் வெட்டிய கிணற்றை ஒருவாறு தனிக் கிணறு எனலாம். மணற்கரையில் தனிக் கிணறு என்பது கிடையாது. ஒரு வளவின் கிணறும், அடுத்த வளவின் கிணறும், பள்ளிவாசல் முற்றத்துக் கிணறும், பாடசாலைக் கிணறும் ஒரே நீரில் திறந்த பல வாய்கள். வேலியும் மதிலும் நிலத்துக்கு மேலேதான் உள்ளன. நீருக்கு அவை தெரியா. ஒருவர் தம் நிலத்தில் ஊற்றுவதை அயலார் தம் வாளியில் அள்ளுகிறார்.

மணல் நீரை வடிகட்டும் என்பது மக்கள் கண்டறிந்த உண்மையே. கலங்கிய நீர் மணலூடாகச் செல்லும்போது தெளிகிறது. நோய்க் கிருமிகளிற் பலவும் வழியில் தங்கி மடிகின்றன. ஆனால் இதற்குத் தூரமும் காலமும் வேண்டும். செர்மனியில் பொதுக் கிணறுகளைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் வகுக்கும்போது, நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய 50 நாள் ஆகும் தூரத்தை எல்லையாகக் கொள்கின்றனர். அதற்குள் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பது அதன் அடிப்படை. பருமணலில் நீர் விரைந்து நகரும். நிலத்தடி நீர் மட்டம் மேலே நிற்கும் மாரி காலத்திலோ மலக்குழியின் அடி நீரிலேயே தோய்ந்து கிடக்கும். அப்போது வடிகட்டுவதற்கு இடையில் உலர்ந்த மணலே இல்லை.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரமில்லாவிடின் யாது நேரும் என்பதை உலகம் 1854இல் இலண்டன் நகரத்தில் கண்டது. அவ்வாண்டு ஆகத்து மாத இறுதியில் அந்நகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவி, 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நச்சுக் காற்றே நோய்க்குக் காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. ஆனால் வைத்தியர் ஜோன் சினோ இறந்தோரின் வீடுகளைத் தேடிச் சென்று விசாரித்து, அவர்களிற் பெரும்பாலோர் புரோட்டு வீதியிலிருந்த பொதுக் கிணற்றின் நீரை அருந்தியோர் என்று காட்டினார். செப்டெம்பர் 8ஆந் திகதி அக்கிணற்றுக் குழாயின் கைபிடி கழற்றப்பட்டது. மறு ஆண்டு நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அருகிலுள்ள வீடொன்றின் மலக்குழி கிணற்றிலிருந்து சில அடி தூரத்திலேயே இருந்ததும், அதன் செங்கற் சுவர் சிதைந்து கழிவு கிணற்றை நோக்கிக் கசிந்ததும் வெளிப்பட்டன. அவ்வீட்டில் முதலில் நோயுற்றது ஒரு கைக்குழந்தை. அதன் துணிகளை அலசிய நீர் அக்குழியில் ஊற்றப்பட்டிருந்தது. அக்கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாயிருந்தது. அதனை விரும்பிப் பருகியோர் பலர். தெளிவும் சுவையும் தூய்மைக்குச் சான்றாகா என்பதற்கு இதனினும் வலிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இலண்டனில் நிகழ்ந்ததைக் கல்முனைக் கரையோடு ஒப்பிடுவது மிகையா? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பகுதியினர் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். ஒரு பேர்ச் நிலம் 272 சதுர அடிக்குச் சற்று மிகையானது. பத்துப் பேர்ச் வளவு சதுரமாக இருப்பின் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. ஒரு மூலையில் கிணற்றையும் எதிர் மூலையில் குழியையும் அமைத்தால் அவ்வீட்டார் விதியைக் காத்தவராவர். ஆனால் பின்வளவுக்காரரும் தம் குழியைத் தம் மூலையிலேயே அமைத்திருப்பார். அந்த மூலை இக்கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் இருக்கக் கூடும். ஆறு பேர்ச் வளவிலோ ஒரு பக்கம் 40 அடிதான். அங்கே கிணற்றை எங்கே வைத்தாலும் எவருடைய குழியாவது அதற்கு அண்மையில் வந்தே தீரும்.

முன்னோர் இந்த இடர்ப்பாட்டை அறியாதவரல்லர். ஆயின் அவர்களுடைய வளவுகள் பெரியவை. தென்னந்தோட்டத்தின் ஒரு கோடியில் கிணறு, மறு கோடியில் மறைப்பு என்று வைக்க இடமிருந்தது. பிள்ளைகளுக்குச் சீதனமாகவும் முதுசமாகவும் வளவு பங்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டு, ஒரு குடும்பம் இருந்த நிலத்தில் இன்று ஐந்து குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு கிணறு ஐந்து கிணறாயிற்று. ஒரு குழி ஐந்து குழியாயிற்று. மணலோ பழைய மணலே. நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, வயிற்றுளைவு, வயிற்றோட்டம் ஆகியவை நீர் வழியாகப் பரவும் நோய்கள். நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீட்டு நோய் ஒழுங்கை முழுவதற்கும் பரவ, குழியிலிருந்து கிணற்றுக்கு உள்ள சில அடி தூரமே போதும்.

கிணறுகளின் பொதுத் தன்மையை இக்கரையோர மக்கள் மறக்கவியலாதபடி உணர்த்தியது 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை. இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோர வீடுகள் அடியோடு போயின. அலை திரும்பிச் சென்றபின் கிணறுகளில் கடல்நீரும் மணலும் குப்பையும் நிறைந்திருந்தன. மலக்குழிகள் உடைந்து கலந்திருந்தன. உதவிக்கு வந்தோர் நீரிறைக்கும் இயந்திரங்களைக் கொண்டு கிணறுகளை வற்ற இறைத்தனர். உப்புக் குறையாமையால் மீண்டும் மீண்டும் இறைத்தனர். நல்லெண்ணத்தோடு செய்த அந்த வேலை சில இடங்களில் எதிர்ப் பயனைத் தந்தது. மேலேயுள்ள மெல்லிய நன்னீரை இயந்திரம் உறிஞ்சி எடுக்க, கீழேயிருந்த உப்பு நீர் கிணற்றை நோக்கி மேலெழுந்தது. கிழக்குக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினர் முதலானோர், குப்பையையும் சேற்றையும் அகற்றும் அளவுக்கு மட்டும் இறைத்து, எஞ்சிய உப்பை மழைக்கு விட்டுவிட வேண்டும் என்று அறிவுறுத்தினர். அவ்வாறே அடுத்தடுத்த மழைகள் மணலைக் கழுவ, உப்புப் படிப்படியாகக் குறைந்தது.

கடல் கொணர்ந்த உப்பை மழை கழுவியது. மனிதர் மணலில் இடும் நஞ்சுகள் எல்லாவற்றையும் மழை அவ்வாறு கழுவிவிடாது. அவற்றுட் சில மழையோடு சேர்ந்தே கீழே இறங்குகின்றன.

முதலாவது நைத்திரேற்று என்னும் உப்பு. பயிருக்கு இடும் யூரியா முதலிய உரங்களிலிருந்தும், மலக்குழிகளிலிருந்தும் இது பிறக்கிறது. நீரில் முற்றாகக் கரைவதால் மணல் இதைப் பிடித்து வைப்பதில்லை. நிறமும் மணமும் இல்லாமையால் பருகுவோர் இதை உணர்வதுமில்லை. 1945இல் அமெரிக்க வைத்தியர் கோம்லி, கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலநிறமாக மாறுவதற்கு அந்நீரிலுள்ள நைத்திரேற்றே காரணம் என்று எடுத்துக்காட்டினார். குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே அந்நோய். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றையே எல்லையாக வகுத்துள்ளது. நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்றுக் குறையாது. நீர் ஆவியாகச் சுண்டுவதால் அதன் செறிவு கூடவும் செய்யும்.

இரண்டாவது எண்ணெய். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாடறிந்த விடயமாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரலில் அந்நீதிமன்றம், மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீரைக் கெடுத்தவரே அதன் பொறுப்பை ஏற்க வேண்டும் என்னும் நியாயம் அத்தீர்ப்பால் நிலைநாட்டப்பட்டது. எனினும் பணம் கொடுத்த அன்றே கிணறு தூய்மையாகிவிடுவதில்லை. நிலத்தில் இறங்கிய எண்ணெய் நெடுங்காலம் அங்கேயே தங்கும். வாகனங்களின் பழைய எண்ணெயை மணலில் ஊற்றும் சிறிய வேலைத்தலங்களும், படகு இயந்திரம் கழுவும் துறைகளும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது தொழிற் கழிவு. கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர் மருதமுனை. நூலுக்குச் சாயந் தோய்த்த நீரைக் கொல்லைப்புற மணலில் ஊற்றினால் அது மறைந்துவிட்டதுபோற் தோன்றும். உண்மையில் அது இடம் மாறியது, அவ்வளவே. சந்தைக் கழிவு, இறைச்சிக் கழிவு, அரிசி ஆலைக் கழிவு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே காக்கும் வழிகள் யாவை? அவற்றைக் கிணற்றுக்கு உரியவை, வளவுக்கு உரியவை, ஊருக்கு உரியவை என மூன்றாக வகுக்கலாம்.

கிணற்றைப் பொறுத்தவரையில், கைபிடிச் சுவர் இடுப்பளவு உயர்ந்திருத்தல் வேண்டும். மேற்பகுதியில் உள்ள கொங்கிறீற்று வளையங்களின் பொருத்துகளைச் சீமெந்தால் அடைத்தல் வேண்டும். அல்லாவிடின் மேலே சிந்தும் அழுக்கு நீர் பக்கவாட்டில் உடனே உட்புகும். சுற்றிலும் வெடிப்பில்லாத சீமெந்துத் தளமும், சிந்திய நீரைத் தொலைவுக்குக் கொண்டு செல்லும் வாய்க்காலும் தேவை. கிணற்றுக்கு ஒரே வாளியும் ஒரே கயிறும் இருத்தல் நன்று. அவ்வாளி ஒருபோதும் தரையில் வைக்கப்படலாகாது. பலர் தத்தம் வீட்டு வாளியை இறக்கும் பொதுக் கிணற்றில் பல வீட்டு அழுக்கும் இறங்கும். மூடியிட்டுக் கைப்பம்பி பொருத்துவது இதனினும் மேலானது. கிணற்றடியில் துணி துவைத்தலும் ஆடு மாடுகளைக் கட்டுதலும் விலக்கத்தக்கன.

வளவைப் பொறுத்தவரையில், அடியில்லாத குழியைக் கைவிட்டு, அடியும் பக்கமும் நீர் புகாதபடி கட்டிய மலசலத் தொட்டியை அமைப்பதே மணற்கரைக்கு ஏற்றது. தொட்டி நிரம்பும்போது அதனை வண்டியால் எடுப்பித்து உரிய இடத்தில் அகற்ற வேண்டும். புதுவீடு கட்டுவோர் தம் கிணற்றை மட்டும் நோக்கினாற் போதாது. மதிலுக்கு அப்பால் அயலாரின் கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டறிந்தபின்னரே தொட்டிக்கு இடம் குறிக்க வேண்டும். நான்கு வீட்டார் கூடிப் பேசித் தொட்டிகளை ஒரு பக்கமும் கிணற்றை மறு பக்கமுமாக ஒழுங்கு செய்வாராயின், தனித்தனியே பெற முடியாத 50 அடியைச் சேர்ந்து பெறுதல் கூடும்.

இன்று தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்கள் இக்கரையோர ஊர்களுக்கு வந்துள்ளன. அம்பாறையை அடுத்த கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு வீடுகளை அடைகிறது. இது பெரும் பேறே. ஆயின் இதனால் புதிய தீமையொன்றும் தலைகாட்டுகிறது. இனித் தேவையில்லை என்று கருதப்பட்ட கிணற்றில் குப்பையைக் கொட்டுதலும், குளியலறைக் கழிவுநீரை அதற்குள் திருப்பிவிடுதலும், சிலவிடத்து அதனையே மலக்குழியாக்குதலும் அத்தீமையாம். கைவிட்ட கிணறு நிலத்தடி நீருக்குள் நேரே திறந்த வாய். அதில் இடும் அழுக்குக்கு மணலின் வடிகட்டலும் இல்லை. வெள்ளத்தால் குழாய் உடைந்து நீர் வராத நாளில் மக்கள் மீண்டும் தேடிச் செல்வது அயலிலுள்ள கிணற்றையே. ஆதலின் வேண்டாத கிணற்றைத் துப்புரவான மணலும் களிமண்ணும் இட்டு ஒழுங்காக மூடிவிட வேண்டும். அல்லது நன்னிலையில் பேண வேண்டும்.

வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் இடும் முறையும் எல்லோரும் அறிய வேண்டியது. கிணற்றின் குறுக்களவு 1.2 மீற்றரும், நீரின் ஆழம் 2 மீற்றரும் எனின், அதிலுள்ள நீர் ஏறத்தாழ 2,260 லீற்றர். தெளிந்த நீருக்கு 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல வெளிற்றும் தூள் போதுமாதலின், இக்கிணற்றுக்கு 6 கிராம் அளவு வேண்டும். தூளை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை மாத்திரம் கிணற்றில் ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு மணித்தியாலமாயினும் பொறுத்தே அள்ள வேண்டும். கலங்கல் நீர் குளோரினை விழுங்கிவிடும். திறந்து வைத்த பழந்தூளும் வலிமை இழந்திருக்கும். ஆகவே வெள்ளத்தின் பின்னர் இடவேண்டிய மிகையான அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே சோதித்துச் சொல்ல வேண்டும். குளோரின் கிருமியையே கொல்லும். உப்பையும் எண்ணெயையும் நைத்திரேற்றையும் அது தீண்டாது.

இனி ஊரின் கடமை. பள்ளிவாசல், கோயில், பாடசாலை, சந்தை ஆகிய இடங்களிலுள்ள பொதுக் கிணறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் ஒருவர் இருத்தல் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை மூலம் கோடையின் இறுதியில் ஒரு முறையும் மாரியின் நடுவில் ஒரு முறையும் நீரைச் சோதிப்பித்து, முடிவை ஊரறியக் கிணற்றடியிலேயே எழுதி வைக்க வேண்டும். 100 மில்லிலீற்றர் குடிநீரில் மலக் கிருமியான ஈ.கோலி ஒன்றேனும் இருத்தலாகாது என்பது விதி. கட்டட அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள், பொதுக் கிணற்றைச் சூழ்ந்த 50 அடி வட்டத்துக்குள் புதிய மலக்குழிக்கு இடந் தராதிருத்தல் வேண்டும்.

கிணறு தோண்டிப் பொதுவுக்கு விடுவதை, இறந்தபின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தருமமாக இக்கரையோர முஸ்லிம்கள் போற்றி வருகின்றனர். மதீனா நகரில் ரூமா என்னும் கிணற்றை உஸ்மான் அவர்கள் விலைக்கு வாங்கி எல்லோர்க்கும் பொதுவாக்கிய வரலாறு சிறுவரும் அறிந்தது. தேங்கி நிற்கும் நீரை அசுத்தப்படுத்தலாகாது என்பதும் நபிமொழி காட்டும் ஒழுக்கம். அயலிலுள்ள தமிழரிடத்தும் கிணறு வெட்டுதல் பேரறமாகவே கொள்ளப்படுகிறது. கிணறு தோண்டுவோர் குறைந்திருந்த காலத்தில் தோண்டியவர் தருமவான். கிணறுகள் நெருங்கிவிட்ட இக்காலத்திலோ, அயலார் கிணற்றுக்கு அழுக்குச் சேராதபடி தம் தொட்டியை அடியிட்டுக் கட்டுபவரும் அத்தருமத்திற் பங்குடையவரே.

மாரி தொடங்குமுன் செய்யத்தக்க வேலை சிறிதே. மதிலோரம் சென்று தம் வீட்டுக் குழியிலிருந்து அயல்வீட்டுக் கிணறு எத்தனை அடி என்று ஒவ்வொருவரும் அளந்து பார்த்தல் வேண்டும். 50க்குக் குறைவாயின், அதனை அவ்வயலாரிடமே சென்று சொல்லி, இருவருமாகச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து ஆவன செய்தல் வேண்டும்.